மூன்றாவது கேள்விக்குத் தப்பான பதில்

அந்தக் கூடத்துக்குள் போகிறவன் கையில் காகிதம் இருக்கக் கூடாது, பேனா இருக்கக் கூடாது, போன் இருக்கவே கூடாது. தண்ணீர் கொண்டுபோகலாம், பாட்டிலுக்குள் இருப்பது வெளியே தெரிய வேண்டும். சாப்பாட்டு டப்பாவையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் போட்டுக்கொள்ளக் கம்பெனியே ஒரு பை கொடுத்திருந்தது. அதுவும் உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற பிளாஸ்டிக் பை. காவலாளி காலையில் ஒவ்வொரு பையாகத் தூக்கி விளக்குக்கு நேரே பிடிப்பார், முட்டை நல்லதா கெட்டதா என்று பார்ப்பதுபோல. தலைக்குள் என்ன கொண்டுபோகிறார்கள், என்ன கொண்டுவருகிறார்கள் என்று பார்க்க அவரிடம் விளக்கு எதுவும் இல்லை.

தொலைதூரத்து நாடு ஒன்றில் ஒரு வங்கி. அதன் வாடிக்கையாளர்கள் அட்டை தொலைந்தால், வீடு மாறினால், கணக்கில் புரியாத பிடித்தம் ஒன்று வந்தால் போன் செய்வார்கள். மணி அடிப்பது இந்தக் கூடத்தில். அங்கே காலை ஒன்பது ஆகும்போது இங்கே விடிகாலை ஐந்து. அதனால் ஐந்து மணிக்கெல்லாம் நூற்றிருபது பேர் பல் தேய்த்து, டீ குடித்து, கம்பெனி வைத்த வெளிநாட்டுப் பெயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "எங்கிருந்து பேசுகிறீர்கள்?" என்று கேட்டால் "சேவை மையத்திலிருந்து" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் கேட்டால் திரையின் ஓரத்தில் அந்த ஊரின் வானிலை ஓடும். அதைப் பற்றிப் பேசிச் சமாளிக்க வேண்டும்.

போன வருஷம் அந்த நாட்டுப் பத்திரிகைகளில் இதைப் பற்றி எழுதிக் கிழித்தார்கள். எங்கள் சம்பளமும் கடனும் எவன் எவன் கண்ணிலோ படுகிறதே என்று ஒரே ரகளை. வங்கி பயந்துபோய் ஒரு படிவம் அனுப்பியது. அந்த நாட்டில் உங்களுக்கு உறவினர் உண்டா, எங்கள் வங்கியில் அவருக்குக் கணக்கு உண்டா என்று அதில் கேட்டிருந்தார்கள். விசைப்பலகையில் புதிதாக ஒரு மஞ்சள் பொத்தானும் வந்தது. பேசுகிறவர் தெரிந்தவர் என்றால் அதை அழுத்த வேண்டும். அழைப்பு மேலாளருக்குப் போய்விடும். ஒரு வருஷத்தில் அதை ஒருவரும் அழுத்தவில்லை. மேலே தூசி படிந்திருந்தது.

படிவத்தில் "கணக்கு இல்லை" என்று எழுதியவர்களில் மங்கனும் ஒருவன். அவன் தெரிந்து பொய் எழுதவில்லை. அக்கா புருஷன் ஆறு வருஷமாக அந்த நாட்டில்தான் இருந்தார். ஆனால் எந்த வங்கி என்று அவன் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

மங்கன் என்பது அக்கா வைத்த பட்டம். முழுப் பட்டம் கல்லுளிமங்கன். நாளெல்லாம் வாயால் சம்பாதிப்பவன், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டான். அக்காவும் அவள் ஏழு வயது மகளும் அவனும் ஒரே வீட்டில் இருந்தார்கள். வாடகை அவன் கொடுத்தான், மற்றதை அக்கா பார்த்துக்கொண்டாள். அக்காவுக்கு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. பன்னிரண்டு வருஷம். குத்தினால் குத்தியது தெரியாது என்று பேர் எடுத்தவள். அந்த வேலையைத்தான் அவள் விடப்போகிறாள். மகளைக் கூட்டிக்கொண்டு புருஷனிடம் போவது என்று முடிவாகிவிட்டது. ராஜினாமாக் கடிதம் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

அதற்குப் பத்து நாள் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, மங்கனின் காதுக்கருவியில் ஒரு அழைப்பு விழுந்தது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். பழைய ஸ்கூட்டரை உதைப்பதுபோல இரண்டு செருமல். அதற்குப் பிறகுதான் வண்டி கிளம்பியது.

"வணக்கம் ஐயா. முகவரி மாற்ற வேண்டும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. கொஞ்சம் சங்கடமான விஷயம்."

பேச்செல்லாம் அந்த நாட்டு மொழியில்தான். இருந்தாலும் மங்கனுக்கு அந்த இரண்டு செருமலே போதுமாக இருந்தது. திரையில் பெயரும் வந்துவிட்டது. அத்தான். அவனைப் பார்த்த நாளிலிருந்து "டேய் மாப்ள" என்று தலையில் தட்டியே பேசும் அத்தான், இப்போது ஐயா போட்டுப் பேசினார்.

மஞ்சள் பொத்தான் சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மங்கன் அதை அழுத்தவில்லை. பாசத்தாலோ பதற்றத்தாலோ அல்ல. சங்கடமான விஷயம் என்று சொன்னாரே, அது என்னவென்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பிறந்த தேதி சரியாக வந்தது. பழைய முகவரியின் அஞ்சல் எண்ணும் சரி. மூன்றாவது, வாடிக்கையாளரே கணக்கு தொடங்கும்போது கொடுத்த மறக்க முடியாத நாள். திரையில் அக்காவின் கல்யாணத் தேதி இருந்தது. பதினொன்று. அன்றைக்கு நாற்காலி இறக்கி இறக்கி மங்கனின் தோள்பட்டை வீங்கிப்போனது.

"பன்னிரண்டு" என்று சொல்லி மாதத்தையும் வருஷத்தையும் சேர்த்தார் அத்தான்.

மூன்றில் ஒன்று தப்பினாலும் மன்னிப்புக் கேட்டு அழைப்பைத் துண்டிக்க வேண்டும். அது முதல் நாள் பாடம். மூன்று வருஷத்தில் மங்கன் எத்தனையோ பேரைத் துண்டித்திருக்கிறான். அழுதவர்கள் உண்டு, அப்பன் பாட்டன் வரை இழுத்துத் திட்டியவர்கள் உண்டு. ஆனால் இந்த ஆள் வேறு ஆளாக இருக்க வழியே இல்லையே. வாய் தானாக நகர்ந்தது.

"நன்றி. எல்லாம் சரியாக இருக்கிறது. சொல்லுங்கள்."

அத்தான் சொன்னார். வேலை போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. தனி வீட்டைக் காலி செய்துவிட்டு நான்கு பேர் இருக்கும் அறையில் இருக்கிறார். புது முகவரி அதுதான். ஊருக்கு மாதாமாதம் அனுப்புவது கடன் அட்டையிலிருந்து எடுத்த பணம். தவணையைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா?

அவர் சொல்லச் சொல்லத் திரையில் அவருடைய ஏழு மாதமும் கீழிருந்து மேலே ஏறியது. மலிவு விலைக் கடை, மலிவு விலைக் கடை, பேருந்து அட்டை, வியாழன்தோறும் மாலை ஏழு மணிக்குக் அட்டையைத் தேய்த்து நாமே இயந்திரத்தில் துணி துவைக்கும் கடை. நடுவில் ஒரு பொம்மைக் கடை. அந்தப் பொம்மை இப்போது மங்கன் வீட்டுச் சோபாவில் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருக்கிறது.

"உங்கள் குடும்பத்துக்கு இது தெரியுமா?" என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியலில் அது இல்லை.

"தெரியாது. உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது ஐயா. நீங்கள் யாரோ எவரோ." பிறகு, "இது வெளியே எங்கும் போகாதே?" என்றார்.

"போகாது. உங்கள் தகவல் எங்களிடம் பத்திரமாக இருக்கும்."

அது எழுதிக் கொடுக்கப்பட்ட வசனம். முகவரியை மாற்றினான். தவணையை இரண்டு மாதம் தள்ளிவைத்தான். அதற்கு அவனுக்கு அதிகாரம் இருந்தது. கடைசியில் சொல்ல வேண்டிய வசனத்தையும் மறக்காமல் சொன்னான். "இன்று உங்களுக்கு வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா?"

"இல்லை ஐயா. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்."

மங்கன் அடுத்த அழைப்பை எடுத்தான். ஒரு அம்மாளுக்கு அட்டை உடைந்துவிட்டதாம்.

வீட்டில் அக்கா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மங்கன் சாப்பிட்டு முடித்து, தட்டையும் கழுவிவிட்டு வந்து நின்றான்.

"வேலைய விடணுமா? சம்பளமில்லாத லீவுல போயிட்டு வாயேன்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். "அடேயப்பா, கல்லுளிமங்கன் வாயத் தொறந்துட்டான். எங்க, இன்னொரு தடவ சொல்லு, புள்ளையக் கூப்பிடறேன், அவளும் கேக்கட்டும்."

"வெளையாடாத. போன எடம் எப்படி இருக்குமோ என்னமோ."

"உங்க அத்தான் என்ன காட்டுலயா இருக்காரு? ரெண்டு ரூம் வீடு, பக்கத்துலயே ஸ்கூல். போட்டோ அனுப்பினாரே, நீயும்தான் பாத்த."

அந்தப் போட்டோவிலிருந்த வீட்டுக்கு அவர் வாடகை கட்டிய கடைசி மாதம் எதுவென்று மங்கனுக்குத் தேதியோடு தெரியும்.

"லீவு கேட்டுப் பாரேன்."

"கேட்டாச்சுடா. லீவும் கெடயாது கீவும் கெடயாது, எடத்துக்கு இருபது பேரு வரிசையில நிக்கறாங்க, ஒரு தடவ எழுந்தா எழுந்ததுதான்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. ஆறு வருஷமா புருஷன போன்ல வெச்சு குடும்பம் நடத்தினது போதும். உனக்கு என்ன, நாங்க போயிட்டா சமைக்க ஆள் இல்லன்னு கவலையா?"

"ஆமா" என்றான் மங்கன்.

மறுநாள் அவனைக் காது கூப்பிட்டாள். பதிவான அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுவது அவள் வேலை. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் காது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர்களைத் தெரியும். இவள் காதில் விட்டுக்கொண்டு கேட்பாள் என்று பையன்கள் சொல்வார்கள். அவள் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பெட்டி முகம்துடைக்கும் காகிதம். வேலை போகிறவர்கள் அழுவதற்காக வைத்தது.

பதிவை ஓடவிட்டாள். பன்னிரண்டு என்றார் அத்தான். நன்றி, எல்லாம் சரியாக இருக்கிறது என்றான் மங்கன். நிறுத்தினாள்.

"திரையில என்ன இருந்துச்சு?"

"பதினொண்ணு. கவனிக்கல மேடம்."

"மூணு வருஷமா இத ஒரு தடவகூட கவனிக்காம விட்டதில்ல நீங்க."

"தூக்கக் கலக்கம்."

"தூக்கக் கலக்கத்துல இருக்கறவன் கொஞ்சம் திணறுவான். நீங்க திணறவே இல்ல." அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "அப்புறம் குடும்பத்துக்குத் தெரியுமான்னு ஒரு கேள்வி. அது யார் எழுதிக் குடுத்தா? இந்த ஆள் உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்ல."

"சரி. பூஜ்யம் போடறேன். இன்னொரு தடவ இப்படி வந்தா நான் கேட்டுட்டு இருக்க மாட்டேன், எழுதி அனுப்பிடுவேன்."

பூஜ்யத்தோடு வெளியே வந்தான். அந்த வாரம் முழுக்க அவன் வேலையில் ஒரு பிசகு இல்லை. பிறந்த தேதியில் ஒரு எண் தடுமாறிய எண்பது வயதுக் கிழவரைக்கூடத் துண்டித்தான்.

வீட்டில் ஒவ்வொன்றாகக் காலியானது. அக்கா மிக்ஸியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். மகளின் பள்ளியில் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தாள். மங்கனுக்கு ரசம் போன கண்ணாடி ஒன்று மிஞ்சும் என்று கேலி செய்தாள். அவன் தினமும் ராத்திரி அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். சொன்னால் வேலை போகும், வாடகை போகும். சொல்லாவிட்டால் அக்காவின் வேலை போகும். அவளும் பிள்ளையும் நான்கு ஆண்கள் இருக்கும் அறை வாசலில் பெட்டியோடு போய் நிற்பார்கள். இதை அவன் எத்தனை தடவை யோசித்தாலும் வேறு மாதிரி வரவில்லை. அத்தானே வாயைத் திறந்தால் ஒருவர் வேலையும் போகாது. அது ஒன்றுதான் வழி.

அடுத்த வாரம் வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து, மூன்று மணிக்கு மொட்டைமாடிக்குப் போய், தன் போனிலிருந்து அத்தானைக் கூப்பிட்டான். அங்கே மணி ஏழு.

இரண்டு செருமல். "டேய் மாப்ள! என்னடா அதிசயம், நீயா போன் பண்ற? மழதான் கொட்டப்போவுது."

"எங்க இருக்கீங்க அத்தான்?"

"ஆபீஸ்லதான். இப்பதான் ஒரு மீட்டிங் முடிஞ்சுது, இன்னொண்ணு இருக்கு. என்னய விட்டா இவனுங்களுக்கு நாதியே இல்லடா."

அவருக்குப் பின்னால் ஏதோ ஒன்று தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஈரத்துணி சுழலும் சத்தம். மீட்டிங்கில் துணி துவைக்க மாட்டார்கள்.

"அக்கா நாளைக்கு லெட்டர் குடுக்கறா."

"தெரியும்டா. குடுக்கட்டும், குடுக்கட்டும்."

"ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"என்ன இருக்கு? ராணி மாதிரி வெச்சுக்கறேன் உங்க அக்காவ. வீட்டுக்கு புது திரைச்சீலகூட வாங்கிட்டேன்." நாக்கில் நரம்பே இல்லாமல் பேசினார். "வெக்கட்டுமாடா? கூப்பிடறாங்க."

மங்கன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான். பிறகு அந்த நாட்டு மொழியில், கம்பெனி பழக்கிக் கொடுத்த குரலில், ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்கிற அந்த வசனத்தைச் சொன்னான்.

"இன்று உங்களுக்கு வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா?"

துணி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அது வேகம் குறைந்து, முனகி, நின்றுபோனது. வேலை முடிந்ததற்கு அடையாளமாக இயந்திரம் மூன்று தடவை கூவியது.

"நீயா?" என்றார் அத்தான்.

"ஆமா."

"எவ்வளவு பாத்த?"

"எல்லாம்."

"மூணாவது கேள்விக்கு நான் தப்பா சொன்னேன், இல்ல? அப்பறம் பஸ்ல போகும்போது நெனச்சேன். தப்பா சொல்லியும் விட்டுட்டானே, நல்ல மனுஷன்னு நெனச்சேன்."

"பதினொண்ணு அத்தான். பன்னெண்டு இல்ல."

"ஐயா ஐயான்னு வேற சொன்னேனே உன்ன." குரலில் கோபம் ஏறியது. "எடுத்த ஒடனே நான்தான்னு சொல்றதுக்கு என்னடா? திருட்டுத்தனமா ஒக்காந்து கேட்டுட்டு இருந்திருக்க. அது என் கணக்குடா."

"ஒங்க கணக்குதான். ஆனா நாளைக்குப் போறது அக்கா வேல. காலையில அவ கெளம்பறதுக்குள்ள நீங்க சொல்லணும். இல்லன்னா நான் சொல்வேன்."

"சொன்னா உன் சீட்டு கிழியும்."

"தெரியும்."

அத்தான் போனை வைத்தார்.

அக்காவை அவர் கூப்பிட்டது அன்று மாலை ஆறு மணிக்கு. அவள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். மங்கன் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அக்கா நேரே இழுப்பறைக்குப் போய்க் கடிதத்தை எடுத்து, நான்காகக் கிழித்து, குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் குக்கரை அடுப்பில் ஏற்றினாள். வெள்ளிக்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

அத்தான் அதே இரவு வங்கிக்கு இரண்டு பக்கம் எழுதினார். நான் அந்தரங்கமாகச் சொன்னது வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் என் மைத்துனன் காதுக்குப் போயிருக்கிறது, அவன் என் வரவு செலவு முழுவதையும் பார்த்திருக்கிறான், அதை வைத்து என்னை மிரட்டியிருக்கிறான் என்று. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. வங்கி பயந்துவிட்டது. பத்திரிகைக்குப் போனால் மறுபடி ரகளை. மன்னிப்புக் கடிதமும், அட்டைக் கடனில் பாதித் தள்ளுபடியும் மூன்றே நாளில் வந்தன. ஏழு மாதத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வருமானம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை காதின் அறையில் மேசைமேல் ஒரே ஒரு காகிதம் இருந்தது. அந்தக் கட்டடத்தில் மங்கன் காகிதத்தைப் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவும் கொடுத்தாள்.

"தெரிஞ்சவரான்னு அன்னிக்கே கேட்டேன்."

"இல்லன்னு சொன்னேன்."

"ஆமா. நீங்களா போய் அவர்கிட்ட காட்டிக்காம இருந்திருந்தா காதும் காதும் வெச்ச மாதிரி போயிருக்கும். அவருக்கும் தெரிஞ்சிருக்காது, எனக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஏன் காட்டிக்கிட்டேன்னு கேக்கலயே?"

"ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்ல." முகம்துடைக்கும் காகிதப் பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். அவன் பேனா மை ஒட்டிய விரலை அதில் துடைத்துக்கொண்டான். பிளாஸ்டிக் பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

மங்கனுக்கு முன்பே தெரியும் என்பதையும் அத்தான் சொல்லிவிட்டதால் அக்கா நான்கு நாளாக அவனிடம் பேசவில்லை. அன்று சாயங்காலம் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, "வேல போயிடுச்சு" என்றான்.

"எப்பத்துலேர்ந்து தெரியும் உனக்கு?"

"போன வாரத்துக்கு முந்தின வாரம், செவ்வாக்கெழம."

அக்கா மனதுக்குள் நாட்களைக் கூட்டினாள். "ஒம்போது நாளு. ஒம்போது நாளும் என் எதிர்ல ஒக்காந்து நான் போட்டத தின்னுருக்க. நான் மிக்ஸியக் குடுத்தேன், பாத்துட்டு இருந்த. திரைச்சீல என்ன கலருன்னு அவர் சொன்னத உன்கிட்ட சொல்லிச் சிரிச்சேன், அப்பவும் பாத்துட்டு இருந்த."

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருந்தேன்."

"அவரு ஏழு மாசம் மறைச்சாரு. நீ ஒம்போது நாளு. அவர் மூஞ்சியாவது எனக்குத் தெரியல, தொலைவுல இருந்தாரு." கையை நீட்டினாள். "என் பேங்க் கார்டக் குடு."

ஆய்வகத்திலிருந்து நேரத்துக்குக் கிளம்ப முடியாதவள் என்பதால் அவள் அட்டை எப்போதும் மங்கனிடம்தான் இருக்கும். அவன்தான் பணம் எடுத்துவருவான். ரகசிய எண் பிள்ளையின் பிறந்தநாள். பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

"செருப்பப் போடு. பக்கத்து வீட்டுக்காரம்மாகிட்ட மிக்ஸியத் திருப்பிக் கேக்கணும், கனமா இருக்கும், நீ தூக்கிட்டு வா. அதுக்கு முன்னாடி மிஷினுக்குப் போகணும்."

தெருமுனையில் பணம் எடுக்கும் இயந்திரம் இருந்தது. கண்ணாடிக் கதவுக்குள் இரண்டு பேர் நிற்க இடம் உண்டு. அக்கா அட்டையைச் செருகினாள். எண்ணை மாற்றவா என்று அது கேட்டது. பழைய எண்ணை அவன் பார்க்கத்தான் அடித்தாள். புது எண்ணுக்கு வந்ததும் இடது கையைக் குவித்து விசைகளின் மேல் கூரைபோல வைத்துக்கொண்டாள்.

மங்கன் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தான். விசைகள் கூவின. அவன் எண்ணாமல் இருக்கத்தான் பார்த்தான். நான்கு கூவல்.